ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸன் துரை: உழவர் கடன் தீர வழி தேடிய பெரியார்

உழவின் மேன்மையைப் பாடாத புலவர் நம் நாட்டில் இலர். வள்ளுவர் பெருமான் அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்தார். கம்பர் பெயரால் ஏரெழுபது என்றொரு நூலும் வழங்குகின்றது. உழவனைப் புகழ்ந்தோர் இங்ஙனம் பலராயினும், அவன் கடன்பட்டு நிற்கும் வாயிலருகே தாமும் நின்று, அக்கடன் எவ்வாறு வந்தது, யாரிடம் வாங்கியது, எவ்வாறு தீரும் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்த ஒருவர், கடல் கடந்து வந்த ஆங்கிலேயர் என்பது வியப்பிற்குரியது. அவரே ஸர் பிரெடெரிக் அகஸ்டஸ் நிக்கல்ஸன் துரையவர்கள்.

சென்ற பொதுக்கூட்டத்தில், அரசினர் உழவர்க்கு வழங்கும் மானியங்களைக் குறித்து நம் அன்பர்களிடையே எழுந்த விவாதத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். மானியம் முழுதும் நிலமுடைய பெரியோர்க்கே போய்ச் சேருகின்றதென்றார் ஒருவர். கொடுத்துப் பழக்குவதே கேடு என்றார் மற்றொருவர். உழுகின்றவனுக்கு அப்பணம் வந்ததுண்டா என்று ஒரு மூதாட்டியார் பின்வரிசையிலிருந்து வினவினார். அவ்வினாவிற்கு எவரும் விடை கூறிற்றிலர். யாமும் அன்று வாளாவிருந்தோம். அந்த அம்மையார்க்கு இறுக்க வேண்டிய விடையை ஒருவர் வரலாற்றின் வாயிலாக ஆராயலாம் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மானியம் என்னும் சொல்லின் வரலாறே சிந்தித்தற்குரியது. கோயிலுக்கும், மடத்திற்கும், ஊர்த்தொழிலாளர்க்கும் வரி நீக்கி விட்ட நிலமே முன்னாளில் மானியம் எனப்பட்டது. அதனைப் பெற்றவர் யாவர், எல்லை யாது, எப்பணிக்காகப் பெற்றார் என்பன கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டன. ஊரார் அனைவரும் அதனை அறிவர். இக்காலத்து மானியம் ஏட்டிலிருந்து ஏட்டிற்குச் செல்லுகின்றது. அடுத்த வீட்டான் பெற்றதை அடுத்த வீட்டான் அறியான். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பிறப்பும் அலுவலும்

நிக்கல்ஸன் துரை 1846ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் கற்றார். 1869ஆம் ஆண்டு சென்னை மாகாண ஸிவில் உத்தியோகத்தில் அமர்ந்தார். அக்காலத்து இளந்துரைமார்க்கு அவ்வுத்தியோகம் அதிகாரத்திற்கும் வேட்டைக்கும் உரிய வாழ்வாகவே தோன்றியது. மலைநாட்டுக் குளிரில் கோடையைக் கழித்து, ஓய்வூதியத்தோடு தாயகம் மீளுவதே பெரும்பாலோர் நோக்கம். நிக்கல்ஸன் துரையோ வேறொரு நெறியில் நின்றார்.

அவர் பணியேற்ற சில ஆண்டுகளுள்ளேயே 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தின் கொடுமையை நம் செங்கற்பட்டுச் சீமையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கும் தானியமே இல்லாமற் போயிற்று என்று கூறுதற்கில்லை. அது உள்ளவிடத்தில் விலை ஏறியது. இல்லாதவன் கையிலோ அவ்விலை கொடுக்கப் பொருளில்லை. கடன் கொடுப்பார் கைகளை மூடிக்கொண்டனர். உழவனது வறுமை மழையின்மையால் மட்டும் வருவதன்று, கையிருப்பும் நம்பிக்கைக் கடனும் இன்மையாலும் வருவது என்பதனை அறிவுடைய அதிகாரிகள் அப்பொழுது கண்டனர்.

நிக்கல்ஸன் துரை பின்னர்க் கோயம்புத்தூர்ச் சீமையில் நெடிது பழகி, அச்சீமையின் நிலம், நீர், குடிகள், வரி முதலியவற்றைத் தொகுத்து 1887ஆம் ஆண்டு ஒரு விரிவான நூல் வெளியிட்டார். கோவை நாடு கிணற்றுப் பாசன நாடு. ஆற்றுநீர் பாயும் தஞ்சையில் வாய்க்காலை அரசு வெட்டித் தரும். கோவையிலோ உழவன் தன் கிணற்றைத் தானே தோண்டல் வேண்டும். பாறையிற் கிணறு தோண்டுவான் கடன் வாங்காமல் தோண்டுதல் அரிது. கடன் வாங்கிய பின் நீர் காணாவிடின் அவன் நிலமே போய்விடும். இவ்வுண்மையைக் கண்ணெதிரே கண்டவர் கடனைப் பற்றிச் சிந்தியாதிருத்தல் எங்ஙனம் இயலும்?

தக்காவி என்னும் அரசுக்கடன்

உழவர்க்கு அரசு உதவுதல் புதுவதன்று. தக்காவி என்னும் பெயரால், விதைக்கும் மாட்டிற்கும் கிணற்றிற்கும் அரசர்கள் முன்பணம் தந்த வழக்கம் நெடுங்காலத்தது. ஆங்கில அரசினர் அதனைச் சட்டமாக்கினர். 1883ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தக் கடன் சட்டம் கிணறு, வரப்பு முதலியவற்றிற்கும், 1884ஆம் ஆண்டின் உழவர் கடன் சட்டம் விதை, மாடு முதலியவற்றிற்கும் குறைந்த வட்டியில் அரசுப்பணம் தர வகை செய்தன. வெளியார் வாங்கும் வட்டியோடு ஒப்பிடின் இஃது ஒரு பெருங்கொடையே.

ஆயினும், அக்கொடையைப் பெற்றோர் மிகச் சிலர். காரணம் எளிது. விண்ணப்பம் எழுதுவிக்க வேண்டும். கணக்கப்பிள்ளை நிலத்தைச் சான்று கூற வேண்டும். மணியக்காரர் ஒப்ப வேண்டும். மேலதிகாரி வந்து பார்க்க வேண்டும். பின்னர் நெடுந்தொலைவிலுள்ள கச்சேரிக்குப் பன்முறை நடக்க வேண்டும். படிதோறும் கையூட்டு. பணம் கையில் வருமுன் விதைப்பருவம் கழிந்துவிடும். தவணை நாளிலோ விளைந்தது, விளையாதது பாராமல் வசூல் நடக்கும். இவை யாவற்றினும் பெருந்தடை ஒன்றுண்டு. நிலத்தை ஈடு காட்ட வல்லவனுக்கே பெரும்பாலும் அக்கடன் எளிதாயிற்று. பட்டாவில்லாத குத்தகைக்குடியும், ஏர்பிடிக்கும் பண்ணையாளும் கச்சேரியின் திண்ணையிலும் ஏற வழியில்லை. அடுத்த தெருவில் இருக்கும் வட்டிக்கடைக்காரனோ நள்ளிரவிற் கதவைத் தட்டினும் பணம் தருவான். தந்தபின் நிலத்தையும் விளைவையும் வாங்கிக்கொள்வான்.

அரசுக்கு இரக்கமும் பணமும் இருந்தன. எவன் மெய்யாகத் தேவையுடையவன், எவன் நாணயமுடையவன், எவன் கிணற்றுக்கென்று வாங்கிக் கல்யாணத்திற் செலவிடுவான் என்று அறியும் கண் அதற்கில்லை. அவ்வறிவு ஊராரிடத்திலேயே உள்ளது. இவ்வொரு கருத்தே நிக்கல்ஸன் துரையின் வாழ்நாட்பணிக்கு அடித்தளமாயிற்று.

பெரும் அறிக்கை

1892ஆம் ஆண்டு சென்னை அரசினர், உழவர்க்கான நிலவங்கிகளை இம்மாகாணத்தில் அமைத்தல் கூடுமா என ஆராயுமாறு அவரை நியமித்தனர். அவர் ஐரோப்பிய நாடுகளிலுள்ள உழவர் வங்கிகளின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். நம் மாகாணத்தின் பத்திரப்பதிவுகளையும், கடன் வழக்கங்களையும் கணக்கிட்டார். முதற்பகுதி 1895ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1897ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சென்னை மாகாணத்து உழவர் கடன் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். ஒரு ரூபாய்க்குப் பல படி அரிசி விற்ற நாளில் அத்தொகை எத்துணைப் பெரும்பாரம் என்பதைப் படிப்போரே உணர்ந்துகொள்க.

அவ்வறிக்கையிற் பெரிதும் பேசப்படுபவர் ஜெர்மானிய நாட்டு ராய்ப்பைஸன் என்பார். 1818ஆம் ஆண்டு பிறந்த இவர் வையர்புஷ் என்னும் சிற்றூரின் நிர்வாகியாக இருந்தபொழுது, 1846ஆம் ஆண்டின் இறுதியிற் பஞ்சம் வந்தது. செல்வரிடம் பொருள் திரட்டி ஏழைகட்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பின்னர் வேறோர் ஊரில் செல்வர் பணத்தைக்கொண்டே உழவர்க்குக் கடன் கொடுக்கும் சங்கம் அமைத்தார். சில ஆண்டுகளில் செல்வரின் ஊக்கம் தளர்ந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் வேறு வேறாயிருக்கும் அமைப்பு நில்லாதென்று அவர் கண்டார். ஆதலின் 1864ஆம் ஆண்டு, கடன் பெறுவோரே உறுப்பினராகவும், ஒருவர் தவறினும் அனைவரும் பொறுப்பாளராகவும் உள்ள சங்கத்தை ஹெடஸ்டார்பு என்னுமிடத்தில் நிறுவினார். 1888ஆம் ஆண்டு அவர் மறைந்தபொழுது அத்தகைய சங்கங்கள் அந்நாட்டிற் பல்கியிருந்தன.

நிக்கல்ஸன் துரை கொண்ட முடிவு இதுவே: கட்டடமும் மூலதனமும் முதலில் தேடற்க, ராய்ப்பைஸனைப் போன்ற மனிதரை ஒவ்வோர் ஊரிலும் தேடுக. கடன் எளிதிற் கிடைப்பது நன்மையன்று; பயன்தரும் செயலுக்கு, உரிய பருவத்தில், திருப்பத்தக்க அளவில் கிடைப்பதே நன்மை. கடன் கொடுக்குமிடம் உழவன் வீட்டிற்கு அருகிருத்தல் வேண்டும். கொடுப்போர் அவனை அறிந்தோராதல் வேண்டும். அவனும் சிறிதளவேனும் சேமித்துச் சங்கத்தில் இட்டவனாதல் வேண்டும்.

அவர் வெளிநாட்டு முறையை இங்குக் கண்மூடிப் புகுத்த விரும்பினாரல்லர் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். நம் சென்னையில் நிதி என்னும் பெயருடைய சங்கங்கள் முன்னரே தோன்றியிருந்தன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு 1872ஆம் ஆண்டு தொடங்கியது. திங்கள்தோறும் சந்தா செலுத்தி, வேண்டும்பொழுது கடன் பெறும் அம்முறையைத் துரையவர்கள் நுணுகி ஆராய்ந்து, இந்நாட்டார்க்குத் தம்முள் ஒன்றுபட்டுப் பொருள் நடத்தும் ஆற்றல் உண்டென்பதற்கு அதனையே சான்றாகக் காட்டினார். இந்தியர்க்கு ஒற்றுமை வாராது என்று ஆள்வோர் பலர் கருதிய காலத்தில் இவ்வாறு எழுதிய நேர்மையை நாம் மறத்தலாகாது.

சென்னை அரசினர் அவ்வறிக்கையை உடனே ஏற்றுச் செயற்படுத்தினாரல்லர். எனினும் நல்வித்து வறண்ட நிலத்திலும் கிடந்து மழை கண்டு முளைக்குமன்றோ? 1899–1900ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், 1901ஆம் ஆண்டு அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவில் துரையவர்களும் ஓர் உறுப்பினராயினார். அக்குழு உழவர் கடன் சங்கங்களை வற்புறுத்தியது. கர்ஸன் பிரபு ஆட்சியில் 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டே துரையவர்கள் ஸர் பட்டம் பெற்றிருந்தார்.

நம் சாலையில் திரூர்

இனி நம்மூர்க்காரர் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருவலிதாயம் என்று சம்பந்தப் பெருமான் பாடிய நம் பாடியிலிருந்து மேற்கே செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் கடந்து செல்க. செவ்வாப்பேட்டைக்கு அருகே திரூர் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று நெல் ஆராய்ச்சி நிலையத்தால் அவ்வூர் அறியப்படுகின்றது, டி.கே.எம். என்னும் பெயர் தாங்கிய நெல்வகைகள் அங்குத் தோன்றியவையே. அச்சிற்றூரில்தான் புதிய சட்டத்தின்படி 1904ஆம் ஆண்டிலேயே உழவர் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்திய நாட்டின் முதல் உழவர் கடன் சங்கம் என்று அது போற்றப்படுகின்றது. அவ்வாண்டிலேயே அதே செங்கற்பட்டுச் சீமையைச் சார்ந்த பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், திருவல்லிக்கேணியில் பண்டகசாலைச் சங்கமும் தோன்றின. மாகாணத்தின் முதற் பதிவாளராய் இருந்து இவற்றை வளர்த்தவர் பி. இராஜகோபாலாச்சாரியார் என்னும் அறிஞர். பிற்காலத்தில் திருவிதாங்கூர்த் திவானாகப் புகழ்பெற்றவர் அவரே.

அச்சட்டத்தின் அமைப்பு மிக எளியது. பதின்மர் கூடினாற் போதும், சங்கம் அமைக்கலாம். ஊர்ச்சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராதல் வேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லாரும் வரையின்றிப் பொறுப்பு. இவ்வரையிலாப் பொறுப்பே அதன் உயிர்நாடி. அடுத்தவன் கடன் தன் தலையில் விழும் என்று அறிந்தவன், அடுத்தவன் கிணறு தோண்டுகின்றானா, கள்ளுக்கடைக்குப் போகின்றானா என்று நோக்கியிருப்பான். பட்டா ஏட்டினும் உறுதியான ஈடாக, ஒருவனது ஒழுக்கம் அங்கே கொள்ளப்பட்டது.

மீனவர்க்கு ஆற்றிய தொண்டு

1904ஆம் ஆண்டு துரையவர்கள் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அகவை ஐம்பத்தெட்டு. அவர் ஊர் திரும்பவில்லை. ஊதியம் கொள்ளாமல், மீன்வளத்தைப் பேணும் பணியை மேற்கொண்டார். ஜப்பான் முதலிய நாடுகட்குச் சென்று அங்குள்ள மீன்பிடி முறைகளைக் கண்டுவந்தார். 1907ஆம் ஆண்டு சென்னையில் மீன்துறை தோன்றியபொழுது கௌரவத் தலைவராயினார். 1918ஆம் ஆண்டுவரை அப்பணியில் நின்றார்.

மலையாளக் கரையில் மத்திமீன் மிகுதியாக அகப்படும் நாளில் விலையின்றி மணலிற் கிடந்து அழுகும். அதனைப் புதிதாகவே வேகவைத்துப் பிழிந்து நெய்யும் எருவும் ஆக்கும் முறையைத் தானூர்ச் சோதனை நிலையத்திற் செய்து காட்டினார். பெருமுதலாளிக்கே ஏற்ற பெரிய எந்திரங்களை அவர் நாடவில்லை. மீனவரும் சிறு வணிகரும் தம் கைப்பொருளில் நிறுவத்தக்க சிறு ஆலைகளையே நாடினார். அவை அக்கரையில் நூற்றுக்கணக்கிற் பெருகின. மீனவர் கல்வி, குடியொழிப்பு, கூட்டுறவு ஆகியவற்றையும் மீன்துறையின் பணிகளாகவே கொண்டார். உதவி என்பது பெறுவோன் ஏந்தித் தாங்கத்தக்க அளவினதாதல் வேண்டும் என்ற அவர் கொள்கை இங்கும் விளங்குகின்றது.

முதுமையிற் குன்னூரில் வாழ்ந்து, 1936ஆம் ஆண்டு, ஏறத்தாழத் தொண்ணூறாம் அகவையில், இந்நாட்டு மண்ணிலேயே மறைந்தார். தஞ்சையிலுள்ள நகரக் கூட்டுறவு வங்கி இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

அவர் விட்டுச்சென்றதும் நாம் ஆக்கியதும்

பெரியார் ஒருவர் வரலாற்றைப் புகழ்ந்து முடித்தல் எளிது. அவர் கொள்கையின் குறையையும் கூறுதல் ஆசிரியர் கடமை. ஊரார் ஒருவரையொருவர் அறிவர் என்று அவர் நம்பினார்; அது மெய். ஆனால் நம் ஊர் ஒரே தெருவினதன்று. ஊரும் சேரியும் பிரிந்து நிற்குமிடத்தில், பதின்மர் கூடிச் சங்கம் அமைக்கும்பொழுது அப்பதின்மர் ஒரு தெருவாரே ஆயினர். சேரியில் உள்ளவனது நாணயத்தை ஊரார் அறியாமலில்லை. அறிந்தும் அவனைத் திண்ணையில் அமர்த்த உடன்பட்டாரில்லை. 1920ஆம் ஆண்டையடுத்து அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர் வீட்டுமனை வாங்குதற்கெனத் தனிச்சங்கங்கள் அமைக்க நேர்ந்தமையே இதற்குச் சான்றாகும். ஜாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுதல் சிலர்க்கு இனிதாகாது. ஆயினும் எழுதாமல் விடுதல் முறையன்று.

விடுதலைக்குப் பின் 1951–52ஆம் ஆண்டில் நாடெங்கும் உழவர் கடன் ஆராயப்பட்டது. உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3.1 பங்கு, அரசு தந்தது 3.3 பங்கு. பெரும்பகுதியும் வட்டிக்காரர் தந்ததே. இதனைக் கண்ட அரசினர், சங்கங்களில் அரசே பங்காளியாகிப் பணம் இறக்கும் நெறியை மேற்கொண்டனர். அதனால் விளைந்த நன்மையை மறுப்பாரில்லை. இன்று தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய நாளில் திருப்புவோர் வட்டியே செலுத்த வேண்டுவதில்லை. அவ்வட்டியை அரசு ஏற்கின்றது. ஆனால் உறுப்பினர் சேமிப்பிலும் கண்காணிப்பிலும் நின்ற சங்கம், அரசுப்பணம் ஓடும் வாய்க்காலாயிற்று. வாய்க்கால் எந்த வயலருகே செல்லுகின்றதோ அந்த வயலே நனையும்.

கடன் தள்ளுபடிகளை நோக்குக. 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு 6,866 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனைத் தள்ளியது. 2008ஆம் ஆண்டு நடுவணரசு நாடு முழுதிற்கும் ஒரு தள்ளுபடி செய்தது. 2021ஆம் ஆண்டு மீண்டும் தமிழ்நாட்டில் 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாகும் என்று அறிவிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டுத் தள்ளுபடியை இந்தியத் தணிக்கைத் தலைவர் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு அறிக்கை தந்தார். ஆய்ந்த கணக்குகளில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவற்றிற் பிழையிருந்தது. விடுபட்டோர் கணக்குகளை எடுத்து நோக்கியபொழுது, நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் தகுதியுடையோரே விடுபட்டிருந்தனர். தகுதியிலார் சிலர் பெற்றனர். தகுதியுடையார் சிலர் இழந்தனர்.

எங்கள் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவோம். எம் தாய்மாமன் திருநின்றவூர்க்கு அப்பால் மூன்று ஏக்கர் நன்செய்யைக் குத்தகைக்கு உழுதுவந்தார். நிலமுடையவர் நகரில் வாழ்பவர்; நல்லவர்; குத்தகையை வாய்ச்சொல்லாகவே விட்டிருந்தார். சிட்டாவும் அடங்கலும் அவர் பெயரில் இருந்தமையால் பயிர்க்கடனும் அவர் பெயரிலேயே கிடைத்தது. எம் மாமன், மாமியின் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்து நாற்று நட்டார். 2006ஆம் ஆண்டு தள்ளுபடி வந்தது. நிலமுடையவர் கடன் நீங்கிற்று. தாலிக்கொடி மூழ்கிப் போயிற்று. இதில் சட்டத்தை மீறினார் ஒருவருமில்லை. அலுவலர் ஏட்டில் உள்ளவாறே செய்தார். ஏட்டில் எம் மாமன் இல்லை, அவ்வளவே. 1884ஆம் ஆண்டின் தக்காவிக்கும் இதற்கும் இடையே நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும், பட்டாவுடையானே உழவன் என்னும் கணக்கு மாறவில்லை.

குத்தகைக்குடியின் பெயரைப் பதிய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டிற் சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் போய்விடும் என்று நிலமுடையார் அஞ்சுகின்றனர். பதியச் சொன்னால் குத்தகையே போய்விடும் என்று உழுவார் அஞ்சுகின்றனர். 2019ஆம் ஆண்டு தொடங்கி நடுவணரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் உதவித்திட்டமும் நிலமுடைய குடும்பத்தார்க்கே உரியது. அத்திட்டத்தில் 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் உழவரல்லாதார் பல இலட்சவர் பெயர் நுழைந்து, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவர்பாற் சென்றமை வெளிப்பட்டது. உழவனல்லாதவன் ஏட்டில் ஏறினான். உழுகின்றவன் ஏட்டிற்கு வெளியே நின்றான். ஊரார் கூடியிருந்து பெயர்களைப் படித்திருப்பின் இவ்விரண்டில் ஒன்றும் நேர்ந்திராது.

நாம் செய்யத்தக்கது

அன்று பின்வரிசையிலிருந்து வினவிய அம்மையார்க்கு யாம் கூறும் விடை இது. அம்மையீர், உழுகின்றவனுக்கு அப்பணம் சில வேளைகளில் வந்ததுண்டு. நிலமும் அவனதாய் இருந்தபொழுது வந்தது. நிலம் பிறனதாயின், பெரும்பாலும் வந்ததில்லை. கொடுப்பதே கேடு என்று கூறிய அன்பர்க்கும் ஒரு சொல்: நிக்கல்ஸன் துரை கொடுப்பதை வெறுத்தாரல்லர். யாருக்குக் கொடுக்கின்றோம் என்று அறியாமற் கொடுப்பதையே வெறுத்தார்.

பாடியில் இன்று உழுவார் அரியர். கொரட்டூர் ஏரியை நம்பியிருந்த வயல்கள் தொழிற்சாலைகளும் வீடுகளும் ஆயின. எனினும் நம்மவருட் பலர்க்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்தில் இன்னும் நிலம் உண்டு. அந்நிலத்தை உழுவார் பிறர். அன்னோர் தம் குத்தகையாளர் பெயரை எழுத்தில் வைத்து, பயிர்க்கடனும் காப்பீட்டுத் தொகையும் உழுவான் கையிற் சேர வழி செய்வாராயின், அதுவே துரையவர்கட்கு நாம் எடுக்கும் நினைவுச்சின்னமாகும். எழுத்தில் வைக்க அஞ்சுவோர், தள்ளுபடி வரும் ஆண்டில் அப்பயனிற் பாதியையேனும் உழுதவனுக்கு அளித்தல் அறம்.

நம் சங்கமும் ஒரு சிறு அரசே. மாணாக்கர் உதவி நிதி ஆண்டுதோறும் நம் கையால் வழங்கப்படுகின்றது. அதனைப் பெறுவோர் யாவர்? கூட்டத்திற்குத் தவறாது வருவாரின் பிள்ளைகளே பெரும்பாலும் பெறுகின்றனர். இரவுப்பணிக்குச் செல்லும் தொழிலாளியும், கணவனை இழந்து இட்டலி விற்றுப் பிழைக்கும் தாயும் விண்ணப்பத்தாள் கிடைக்கும் நாளையே அறியார். இக்குறையில் எமக்கும் பங்குண்டு. மூன்றாண்டு அக்குழுவில் அமர்ந்திருந்தும் யாம் ஒரு வீட்டிற்கேனும் சென்று வினவினேமில்லை.

ஆதலின் வருகின்ற தைத்திங்கட் கூட்டத்தில் இரண்டு செய்திகளை யாம் முன்மொழியக் கருதியுள்ளோம். உதவி பெற்றோர் பெயரையும் தொகையையும், அவ்வீட்டார்க்கு நாணம் நேராத வகையில், உறுப்பினர் முன் படித்தல் ஒன்று. விண்ணப்பியாத வீடுகளைத் தேடித் தெருவிற்கு ஒருவர் செல்லுதல் மற்றொன்று. தெருவிற்கு ஒருவராகச் செல்ல இசைவோர் தம் பெயரைச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகின்றோம். எம் தெருவிற்கு யாமே செல்வோம்.